டீசல் காரில் வார்னிங் லைட் எரியுதா? சிவப்பா, மஞ்சளானு முதல்ல பாருங்க!

உத்திரமேரூரில் இருந்து காஞ்சிபுரம் சுமார் 30 கி.மீ. பாதி வழியில் டேஷ்போர்டில் விளக்கு எரிந்தால், 'ஊர் போய்ச் சேர்ந்து பார்த்துக்கலாம்' என்றுதான் பலரும் நினைப்போம். சில விளக்குகளுக்கு அது சரி. சில விளக்குகளை அப்படி விட்டால், ஊர் வருவதற்குள் இன்ஜினே போய்விடும். நிறத்தை வைத்தே இதைக் கண்டுபிடிக்கலாம்.

சிவப்பு: உடனே நிறுத்துங்க

ஆயில் கேன் படம்: இன்ஜினில் ஆயில் அழுத்தம் குறைந்துவிட்டது. ஓரமாக நிறுத்தி, இன்ஜினை ஆஃப் செய்யுங்கள். சில நிமிடம் ஓட்டினாலே இன்ஜின் ஜாம் ஆகலாம். பத்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கில் அளவைப் பாருங்கள். ஆயில் சரியாக இருந்தும் விளக்கு எரிந்தால், ஓட்டாமல் டோயிங் வண்டியைக் கூப்பிடுங்கள்.

தெர்மாமீட்டர் படம்: இன்ஜின் சூடு எல்லை மீறிவிட்டது. நிறுத்தி ஆறவிடுங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

மஞ்சள்: மெதுவா ஓட்டி மெக்கானிக்கிட்ட போங்க

செக் இன்ஜின்: வண்டி வழக்கம்போல ஓடினால், வேகத்தைக் குறைத்து ஒர்க்‌ஷாப் போகலாம். இழுவை குறைந்தாலோ, விளக்கு விட்டுவிட்டு எரிந்தாலோ நிறுத்துவதே நல்லது. விளக்கை அணைக்க பேட்டரி வயரைக் கழற்றாதீங்க. ஸ்கேனரில் பார்க்க வேண்டிய கோளாறு கோடு அழிந்துபோகலாம்.

சுருள் கம்பி படம்: சாவி போட்டதும் எரிந்தால் பயம் வேண்டாம். குளோ பிளக் சூடாகிறது. அணைந்ததும் ஸ்டார்ட் செய்யுங்கள். ஓடும்போது எரிந்தால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

ஃபில்டரும் நீர்த்துளியும்: டீசலில் தண்ணீர் கலந்திருக்கிறது. இது மஞ்சளில் எரிந்தாலும் ஓட்டாதீங்க. ஃபில்டரில் இருந்து தண்ணீரை வெளியேற்றாவிட்டால் இன்ஜெக்டர் கெடும், செலவு எகிறும்.

கிராமத்து ஓட்டமும் டிபிஎஃப் விளக்கும்

2020 ஏப்ரல் 1-ல் பிஎஸ்-6 விதி வந்த பிறகு, டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் ஃபில்டர் இருக்கிறது. பேங்க், சந்தை என 2, 3 கி.மீ. மட்டுமே ஓட்டினால், கரியை எரிக்கும் அளவுக்கு சைலன்சர் பக்கம் சூடு ஏறாது. ஃபில்டர் அடைத்து விளக்கு எரியும். அப்போது நெடுஞ்சாலையில் 60 கி.மீ.க்கு மேல் சீரான வேகத்தில் 15-20 நிமிடம் ஓட்டினால் பெரும்பாலும் அணைந்துவிடும். அணையாவிட்டாலோ, செக் இன்ஜினும் சேர்ந்து எரிந்தாலோ சர்வீஸ் சென்டர்தான் வழி.

கரி எரியும்போது சூடு 600 டிகிரி செல்சியஸ் வரை போகும். அறுவடை நேரத்தில் சாலையில் காயும் வைக்கோல் மேல் வண்டியை நிறுத்தாதீங்க, தீப்பிடிக்கும்.

நடுவழியில் நின்றால் யாரைக் கூப்பிடுவது?

1033 என்ற எண் தேசிய நெடுஞ்சாலைகளுக்கானது. உள்ளூர் சாலையில் நின்றால், இன்சூரன்ஸ் பாலிசியில் சாலை உதவி சேர்த்திருந்தால் அந்த எண்ணைக் கூப்பிடலாம். அதை இப்போதே போனில் சேமித்து வையுங்கள்.