ரெண்டாவது தடவை ஏன் ரத்தம் எடுக்கறாங்க?

கொஞ்ச நாளா இந்தப் பக்கம் தலைகாட்ட முடியவில்லை மக்களே. காரணம் சித்தப்பா. ராத்திரி பத்தரை மணிக்கு, "நெஞ்சு மேல அம்மிக்கல்லை வச்ச மாதிரி இருக்குடா" என்றார். நம்ம வீடுகளில்தான் ஆளாளுக்கு வைத்தியராச்சே, சித்தி சோடா கொடுத்தார், நான் "கேஸா இருக்கும்" என்றேன். வியர்த்துக் கொட்டியதைப் பார்த்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

ஈசிஜி நார்மல். ட்ரோபோனின் என்று ஒரு ரத்தப் பரிசோதனை செய்தார்கள், அதுவும் நார்மல். சித்தப்பா சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்ப ரெடி. அப்போது டியூட்டி டாக்டர் வந்து, "மூணு மணி நேரம் இருங்க, இன்னொரு தடவை ரத்தம் எடுக்கணும்" என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அதான் நார்மல்னு வந்துடுச்சே மேடம், பில் ஏத்தறதுக்கா?" என்று கேட்டே விட்டேன். அவர் கோபப்படவில்லை. "வலி ஆரம்பிச்சு எவ்ளோ நேரம் ஆச்சு?" என்றார். "ஒரு மணி நேரம் இருக்கும்." "அதான்" என்று சொல்லிவிட்டு அடுத்த பெட்டுக்குப் போய்விட்டார்.

ரெண்டாவது ரிசல்ட் நன்றாகவே ஏறியிருந்தது. மறுநாள் ஆஞ்சியோ, ஒரு ஸ்டென்ட். அந்த "அதான்"-க்கு என்ன அர்த்தம் என்று தோண்டப் போனதில் கிடைத்த வரலாறுதான் இந்தப் பதிவு.

லிவர் டெஸ்ட் ரிப்போர்ட்டில் எஸ்ஜிஓடி என்று ஒரு வரி பார்த்திருப்பீர்கள். கல்லீரல் சமாச்சாரம் என்றுதானே நினைக்கிறோம்? அது முதலில் பேர் வாங்கியது இதயத்தால். 1954-இல் நியூயார்க்கில் லாட்யூ, ரோப்லெவ்ஸ்கி, கார்மென் என்ற மூவர், மாரடைப்பு வந்தவர்களின் ரத்தத்தில் இந்த நொதி ஏறுவதைக் காட்டினார்கள். விஷயம் எளிமையானது. ரத்தம் கிடைக்காமல் இதயத் தசை செத்தால் செல்லின் சவ்வு கிழிகிறது, உள்ளே இருந்த சரக்கு ரத்தத்தில் கசிகிறது. அதைப் பிடித்து அளந்தால் தசை அடிபட்டது தெரிந்துவிடும். அதுவரை டாக்டர்களுக்கு இருந்தது நோயாளி சொல்லும் வலியும் ஈசிஜி தாளும்தான்.

சிக்கல் என்னவென்றால் எஸ்ஜிஓடி கல்லீரலிலும் இருக்கிறது, கைகால் தசையிலும் இருக்கிறது. மஞ்சள் காமாலைக்காரருக்கும் ஏறும். அதனால் அடுத்த ஆள் தேவைப்பட்டது. சிகே என்ற தசை நொதி வந்தது. 1970-களில் அதிலேயே இதயத்தில் அதிகமாக இருக்கும் சிகே-எம்பி என்ற வகையைப் பிரித்து அளந்தார்கள். 1979-இல் உலக சுகாதார நிறுவனம் வலி, ஈசிஜி, நொதி என்ற மூன்றில் இரண்டு இருந்தால் மாரடைப்பு என்று வரையறுத்தது. அப்படியும் சிகே-எம்பி முழுக்க இதயத்தின் சொத்து இல்லை. மற்ற தசை பலமாக அடிபட்டாலும் அது ஏறித் தொலைக்கும்.

இங்கேதான் டோக்கியோவைச் சேர்ந்த செட்சுரோ எபாஷி வருகிறார். அவருக்கு மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் யோசனையெல்லாம் கிடையாது. தசை எப்படிச் சுருங்குகிறது, அதில் கால்சியத்துக்கு என்ன வேலை என்பதுதான் அவர் கேள்வி. 1965-இல் அவரும் அயாகோ கொடாமாவும் ஒரு புதுப் புரதத்தைக் கண்டறிந்தார்கள். அதுதான் ட்ரோபோனின். கால்சியம் வந்து ஒட்டினால்தான் தசை சுருங்க வழிவிடும் வாட்ச்மேன் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வாட்ச்மேனுக்கு இதயத்தில் ஒரு யூனிஃபார்ம், கைகால் தசையில் வேறு யூனிஃபார்ம். இதய யூனிஃபார்மை மட்டும் அடையாளம் காணும் ஆன்டிபாடி கிடைத்தால் வேலை முடிந்தது. 1987-இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் கம்மின்ஸ் குழு ட்ரோபோனின் ஐ-க்கும், 1989-இல் ஜெர்மனியின் ஹூகோ காட்டுஸ் குழு ட்ரோபோனின் டி-க்கும் இப்படிப் பரிசோதனைகளை வெளியிட்டன. 2000-இல் ஐரோப்பிய, அமெரிக்க இதய மருத்துவ அமைப்புகள் சேர்ந்து மாரடைப்பின் வரையறையையே ட்ரோபோனினை மையமாக வைத்து மாற்றி எழுதின. தசைக் கட்டுப்பாட்டைப் பற்றிய அடிப்படை ஆராய்ச்சி எமர்ஜென்சி வார்டுக்கு வர 35 வருஷம்!

இப்போது "அதான்"-க்கு வருவோம். செல் சாக வேண்டும், சரக்கு கசிய வேண்டும், அது அளக்கும் அளவுக்குச் சேர வேண்டும். இதற்கு நேரம் பிடிக்கும். பழைய பரிசோதனைகளில் மூணு நாலு மணி நேரம். இப்போது இருக்கும் உயர் நுண்ணுணர்வு ட்ரோபோனின் ஒரு லிட்டர் ரத்தத்தில் சில நானோகிராம் இருந்தாலே பிடித்துவிடும். ஒரு நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. அப்படிப்பட்ட சோதனைக்கும் வலி வந்த ஒரு மணி நேரத்தில் எடுத்த ரத்தம் போதாமல் போகலாம். இன்னொரு பக்கம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மாரடைப்பு இல்லாமலேயே ட்ரோபோனின் ஏறி நிற்கும். ஆக ஒரு எண்ணை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஏறுகிறதா, இறங்குகிறதா என்பதுதான் சேதி. ஒரே ஒரு ஸ்டில்லைப் பார்த்துப் படத்துக்கு விமர்சனம் எழுதுகிற மாதிரிதான் நான் அன்று பேசியது.

தம்பி ஒரு நியாயமான கேள்வி கேட்டான். "போன வருஷம்தானே அப்பாவுக்கு ஃபுல் செக்கப் பண்ணோம், அப்பவே ரத்தத்துல அடைப்பு தெரிஞ்சிருக்க வேணாமா?"

கொலஸ்ட்ரால் சொல்வது அடைப்பை அல்ல, வாய்ப்பை. அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஊரில் 1948 முதல் 5,209 பேரைப் பின்தொடர்ந்து பார்த்ததில் உறுதிப்பட்ட சங்கதி அது. 1963-இல் நார்வேயின் கோரே பெர்க் கண்டறிந்த லிப்போபுரோட்டீன் ஏ-யும் அப்படித்தான், பெரும்பாலும் பரம்பரையாக வரும் ஆபத்தைக் காட்டும். அடைப்பையே ரத்தத்தில் பிடிக்கிறோம் என்று 2009-இல் அமெரிக்காவில் கோரஸ் சிஏடி என்ற சோதனை வந்தது. 23 ஜீன்களின் செயல்பாட்டை அளந்து மதிப்பெண் போட்டது. 2018-இல் மெடிகேர் அதற்குப் பணம் தருவதை நிறுத்தியது, கம்பெனியும் மூடப்பட்டது. எமர்ஜென்சியில் நாம் நம்பும் ட்ரோபோனினும் அடைப்பைக் காட்டுவதில்லை, தசை பட்ட அடியைத்தான் சொல்கிறது. அதையும் நாம் காத்திருந்தால்தான் சொல்லும்.

அந்த டாக்டரிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். டியூட்டி மாறிப் போயிருந்தார். சித்தப்பா இப்போது உப்பு குறைந்த சாம்பாரைத் திட்டிக்கொண்டு நலமாக இருக்கிறார். அன்று என் வாய்ச்சவடாலை நம்பிக் கிளம்பியிருந்தால்? நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. நெஞ்சு வலித்தால் சோடா தேடாதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இன்னொரு தடவை ரத்தம் எடுக்கணும் என்றால் பேசாமல் கையை நீட்டுங்கள்.