கப்பல் ஆணி சொல்லித்தந்த கூரைப் பாடம்



நம்மில் பலர் இப்போது மொட்டை மாடியில் ஷீட் போடுகிறோம். என்ன ஷீட், எத்தனை எம்எம் என்று நாலு கடை ஏறி இறங்கிக் கேட்கிறோம். முகட்டில் கவிழ்க்கும் ரிட்ஜ், சுவரோரம் மடித்து வைக்கும் பிளாஷிங், ஸ்க்ரூ இவற்றை மட்டும் வெல்டர் பொறுப்பில் விட்டுவிடுகிறோம். கூரை பெரும்பாலும் ஒழுகத் தொடங்குவது அந்த இணைப்புகளில்தான். அங்கே எந்த உலோகம் வேண்டும் என்பதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது.

மரத்தைத் துளைக்கும் கடற்புழுவுக்கு அஞ்சி, 1761-ல் பிரிட்டிஷ் கடற்படை 'அலார்ம்' என்ற போர்க்கப்பலின் அடிப்பாகத்தில் செப்புத் தகடு போர்த்தியது. மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போய்வந்த கப்பலை 1763-ல் சோதித்தார்கள். புழு அண்டவில்லை. ஆனால் செம்பைத் தொட்டிருந்த இரும்பு ஆணிகள் அரித்துப் போயிருந்தன. சில ஆணிகள் மட்டும் தப்பியிருந்தன. தகடு சுற்றிவந்த பழுப்புக் காகிதம் கிழிக்கப்படாமல் இரண்டுக்கும் நடுவே கிடந்த இடங்கள் அவை!

காரணம் பிறகுதான் புரிந்தது. வெவ்வேறு உலோகங்களுக்கு இடையே உப்புநீர் இருந்தால் மின்னோட்டம் பிறக்கும் என்று 1800-ல் வோல்டா மின்கலம் செய்து காட்டினார். எலுமிச்சம்பழத்தில் செம்பும் துத்தநாகமும் செருகிப் பார்ப்போமே, அதேதான். அந்தச் சோடியில் ஒன்று கரையும், மற்றது பிழைக்கும்.

லண்டன் துறைமுகப் பொறியாளர் ஹென்றி ராபின்சன் பால்மர் 1829-ல் நெளி இரும்புத் தகட்டுக்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் மெல்லிய தகடு துருப்பிடித்தது. 1837-ல் பிரான்சில் சோரல் என்பவர் இரும்பை உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காக்கும். கப்பலைக் கெடுத்த அதே விதி கூரையைக் காத்தது. நாம் சொல்லும் ஜிஐ ஷீட் அதுதான்.

1886-ல் திறந்த நியூயார்க் சுதந்திர தேவி சிலைக்குச் செப்புத் தோல், இரும்பு எலும்புக்கூடு. இரண்டும் தொடாமலிருக்க அரக்கில் தோய்த்த கல்நார் வைத்தார்கள். நூறாண்டுக்குள் அது நைந்து, இரும்பு துருவேறி வீங்கிவிட்டது. 1986-ல் முடிந்த சீரமைப்பில் இரும்புப் பட்டைகளுக்குப் பதில் துருப்பிடிக்காத எஃகு போட்டார்கள்.

ஆகவே நீங்கள் கேட்டு வாங்க வேண்டியவை:

1. ஷீட் எந்தப் பூச்சோ, ரிட்ஜும் பிளாஷிங்கும் அதே பூச்சு.

2. துத்தநாகப் பூச்சு ஷீட்டில் இடிதாங்கியின் செப்புப் பட்டை படக் கூடாது. செம்பின் மேல் வழிந்த நீரும் அதில் விழக் கூடாது.

3. சுவரோரப் பிளாஷிங்கைச் சிமெண்ட் கலவை வைத்து அடைக்காதீர்கள். ஈரச் சிமெண்டின் காரம் துத்தநாகத்தையும் அலுமினியத்தையும் தின்றுவிடும். சுவரில் காடி வெட்டிச் செருகி, சீலன்ட் வைக்கச் சொல்லுங்கள்.

4. ஸ்க்ரூவுக்கு ரப்பர் வாஷர் கட்டாயம்.

கடலோர ஊர்களில் இருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருங்கள். உங்கள் கூரைமேல் வீசுவது உப்புக்காற்று. அந்தக் கப்பல் மிதந்த கடலின் ஒரு பகுதி தினமும் உங்கள் மாடிக்கு வருகிறது.

வீடு கட்டும் உறவுகளுக்கும் இதைச் சொல்லுங்கள்.