தோழி இல்லாத தலைவி

கு.ப.ராஜகோபாலனின் (1902–1944) ‘ஆற்றாமை’ கதையை வகுப்பில் வாசித்து முடித்ததும் மாணவிகள் பெரும்பாலும் ஒரே சொல்லைத்தான் சொல்வார்கள்: பொறாமை. கணவனைப் பிரிந்திருக்கும் சாவித்திரி, பக்கத்தில் குடியிருக்கும் இளம் தம்பதியின் நெருக்கத்தைத் தினமும் காண்கிறாள். ஓரிரவு அவர்களைத் தேடி ஒரு நண்பர் வர, அதையே சாக்காக வைத்து அவர்களது தனிமையைக் கலைத்துவிடுகிறாள்.

தலைப்புக்குத் திரும்புங்கள் என்பேன். ஆற்றாமை அகமரபின் சொல். பிரிவைத் தாங்க இயலாத நிலை. குறுந்தொகைத் தலைவிக்கு அதைச் சொல்லத் தோழி இருந்தாள். வெள்ளிவீதியார் போன்ற பெண்பாற்புலவர்கள் வேட்கையை வெளிப்படையாகவே பாடினார்கள். மணிக்கொடிக் காலத்து நடுத்தர வர்க்க வீட்டில் சாவித்திரிக்கு மனைவி என்ற பெயர் இருக்கிறது. தன் வேட்கையைச் சொல்ல ஒரு செவி இல்லை. தோழியாகியிருக்கக்கூடிய பக்கத்து வீட்டுப் பெண்ணே அவளுக்கு எதிரியாகத் தெரிகிறாள்.

மணமுடித்துத் தனியே விட்டுவைக்கும் ஏற்பாட்டின்மீது விழவேண்டிய கோபம், இன்னொரு பெண்ணின் கதவில் போய் விழுகிறது. அதைப் பொறாமை என்று சொல்லிப் புத்தகத்தை மூடினால், அந்த ஏற்பாட்டை நாம் கேள்வி கேட்காமலே விட்டுவிடுகிறோம்.