லேப்டாப் பேட்டரியின் திறன் நாளடைவில் குறைவது ஏன்?

திருப்பதி: இந்தியாவின் முதலாவது லித்தியம் மின்கல ஆலை என மத்திய அரசு அறிவித்த ஆலை, 2022 செப்டம்பரில் திருப்பதியில் முன்னோட்ட உற்பத்தியைத் தொடங்கியது. சென்னையைச் சேர்ந்த முனோத் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனம் ரூ.165 கோடியில் அமைத்த இந்த ஆலை, நாளொன்றுக்கு 20,000 மின்கலங்களைத் தயாரிக்கும் திறன் கொண்டது. இவை பவர் பேங்க்குகளில் பயன்படுபவை. மடிக்கணினிகளில் உள்ளதும் இதே லித்தியம் அயனி வகை மின்கலமே. எங்கு தயாரிக்கப்பட்டாலும், இவ்வகை மின்கலங்களின் திறன் காலப்போக்கில் குறைவது இயல்பு.

காரணம் என்ன?

மின்னேற்றத்தின்போது லித்தியம் அயனிகள் கிராஃபைட்டாலான மின்வாயைச் சென்றடைகின்றன. பயன்பாட்டின்போது அங்கிருந்து திரும்புகின்றன. கிராஃபைட்டின் மேற்பரப்பில் உருவாகும் மெல்லிய படலம் மெதுவாகத் தடிமனாகிறது. லித்தியத்தின் ஒரு பகுதி அதில் சிக்கி, மீண்டும் பயன்படாமல் போகிறது. இந்த இழப்பை எந்த மென்பொருளாலும் மீட்க இயலாது.

வெப்பம் இந்த வேதிவினையை விரைவுபடுத்துகிறது. கோடையில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் திருப்பதி, சித்தூர் போன்ற பகுதிகளில் இது கூடுதல் கவனத்துக்குரியது. எப்போதும் 100 சதவீத மின்னேற்றத்தில் வைத்திருப்பதும் தேய்மானத்தை அதிகரிக்கும்.

அறிவது எப்படி?

விண்டோஸ் கணினிகளில் பேட்டரி அறிக்கையைப் பெறும் வசதி உள்ளது. வடிவமைப்புத் திறன் 50 வாட் மணியாகவும், தற்போதைய முழு மின்னேற்றத் திறன் 40 வாட் மணியாகவும் இருந்தால், பேட்டரியில் 80 சதவீதத் திறன் எஞ்சியுள்ளது எனப் பொருள். இன்று பாதி, நாளை பாதி எனப் பயன்படுத்தினால் அது ஒரு மின்னேற்றச் சுழற்சியாகவே கணக்கிடப்படும்.

செய்ய வேண்டியவை

* மின் இணைப்பிலேயே தொடர்ந்து பயன்படுத்துவோர், வசதி இருப்பின் மின்னேற்ற வரம்பை 80 சதவீதமாக அமைக்கலாம்.
* மெத்தை மீதோ, வெயிலில் நிறுத்திய காரிலோ மடிக்கணினியை வைக்கக் கூடாது.
* பேட்டரியை முழுவதுமாகத் தீரவிட்டு மின்னேற்றும் பழக்கம் தேவையற்றது. அது பழைய நிக்கல் காட்மியம் பேட்டரிகளுக்கான அறிவுரை.

பேட்டரி உப்பினால் பயன்பாட்டை உடனே நிறுத்த வேண்டும். அழுத்தினாலோ, துளையிட்டாலோ தீப்பற்றும் அபாயம் உண்டு. பழைய பேட்டரிகளைப் பிற குப்பையுடன் சேர்க்காமல் தனியே ஒப்படைப்பது பயனாளரின் பொறுப்பு என 2022ஆம் ஆண்டு பேட்டரி கழிவு மேலாண்மை விதிகள் கூறுகின்றன. அவற்றைச் சேகரித்து மறுசுழற்சிக்கு உட்படுத்தும் பொறுப்பு உற்பத்தியாளர்களுடையது.