சுரங்க வாகன மோதல் தவிர்ப்பில் மனிதக் காரணிகள்

திறந்தவெளிச் சுரங்கங்களில் கனரக வாகனங்கள் பிற வாகனங்கள் மீதோ ஆட்கள் மீதோ மோதாமல் காக்கும் கருவிகள் மோதல் தவிர்ப்புத் தொழில்நுட்பம் எனப்படும். இதன் பயன் ஓட்டுநரின் கவனம், களைப்பு, கருவிமீதான நம்பிக்கை ஆகியவற்றையும் பொறுத்தது.

நெய்வேலியில் சுரங்கப் பணி 1957-இல் தொடங்கியது; 1961-இல் பழுப்பு நிலக்கரி வெளிப்பட்டது. வாளிச்சக்கர இயந்திரங்கள் வெட்டுவதைக் கன்வேயர் பட்டைகள் கொண்டு செல்வதால், அங்கு லாரிகளின் தேவை குறைந்தது. ஆபத்துக்கான வாய்ப்பையே குறைப்பது முதல் பாதுகாப்பு.

டம்பர் லாரிகளை நம்பும் சுரங்கங்களில் நிலை வேறு. உயரமான இருக்கையிலுள்ள ஓட்டுநருக்கு அருகில் நிற்கும் ஜீப்கூடத் தெரியாது. இதற்காக முதலில் ஹாரன், பின்னோக்கு ஒலி, ஜீப்பில் உயரமான கொடிக்கம்பு ஆகியவை பயன்பட்டன. பின்னர் கேமரா, ரேடார், ஜிபிஎஸ் வந்தன.

2006-இல் பன்னாட்டுச் சுரங்க நிறுவனங்கள் தொடங்கிய எம்ஸ்ரட் அமைப்பு, ஒன்பது பாதுகாப்புப் படிகளை வகுத்தது. முதல் ஆறும் சாலை அமைப்பு, வாகனங்களைப் பிரித்தல், நடைமுறை, ஓட்டுநர் தகுதி போன்றவை. இறுதி மூன்றே கருவிகள்: சூழலை உணர்த்துதல், எச்சரித்தல், தானாக வேகத்தைக் குறைத்தல் அல்லது நிறுத்துதல். மோதல் ஆபத்து மிகுந்த இடங்களில் டீசல் வாகனங்களுக்குத் தானியங்கித் தடுப்பைத் தென்னாப்பிரிக்கா 2022 டிசம்பரில் கட்டாயமாக்கியது.

வாகனங்கள் நெருங்கி நிற்கும் சுமையேற்றுமிடத்தில் கருவி ஓயாமல் ஒலித்தால், ஓட்டுநர் அதைப் பொருட்படுத்தாமல் பழகிவிடுவார். பின்பு உண்மையான எச்சரிக்கையும் அவர் செவியில் ஏறாது. ஆகவே எதற்கு ஒலிக்க வேண்டும் என்பதை ஓட்டுநர்களைக் கலந்தே முடிவு செய்ய வேண்டும்.