ஆறன்முளைக் கண்ணாடி: ஒரு மேற்பரப்பின் வரலாறு

திருவனந்தபுரத்தில் குடியேறி வாழும் நாம், மலையாள அன்பர்களின் இல்லத் திருமணங்களுக்குச் செல்லுங்கால் அஷ்டமங்கலத் தட்டில் ஒரு சிறு கண்ணாடியைக் கண்டிருப்போம். வால் போன்ற பிடியுடன் விளங்கும் அதனை 'வால்கண்ணாடி' என்பர். அவ்வகையில் தலைசிறந்தது ஆறன்முளையில் செய்யப்படுவது. கண்ணாடி என்று பெயர் பெற்றிருப்பினும் அதில் கண்ணாடிச் சில்லு இல்லை. அது முழுவதும் உலோகம். முகம் பார்க்கும் பொருளைப் பழந்தமிழர் 'ஆடி' என்றனர்; அச்சொல்லே இதற்குச் சாலப் பொருந்தும்.

நம் நகருக்கு வடக்கே 100 கிலோமீட்டருக்கு அப்பால் பம்பைக் கரையில் அமைந்த ஊர் ஆறன்முளை. ஆங்குள்ள பார்த்தசாரதி கோயிற் பணிக்காகப் பாண்டியர் வழியினர் எனச் சொல்லப்படும் பந்தளம் அரசர், திருநெல்வேலிச் சீமையின் சங்கரன்கோவிலிலிருந்து கன்னார் குடும்பங்கள் எட்டினை வரவழைத்தார் என்பது செவிவழிச் செய்தி. இறைவனுக்கு மகுடம் வார்க்க முயன்றபோது முகம் காட்டும் உலோகக் கலவை கைவந்தது என்றும் கூறுவர். இதற்குக் கல்வெட்டுச் சான்று காட்ட நாம் முற்படவில்லை. எனினும் தெற்கிலிருந்து வந்த குடும்பங்களின் கையோடு இத்தொழில் வந்தது என்பதை அவ்வூரார் இன்றும் சொல்லி வருகின்றனர்.

இந்த ஆடியின் சிறப்பு யாது? நம் வீட்டுக் கண்ணாடியின் மீது விரல் நுனியை வைத்தால், விரலுக்கும் அதன் பிம்பத்துக்கும் இடையே சிறிது இடைவெளி தோன்றும். அங்கு ஒளியைத் திருப்புவது முன்புறக் கண்ணாடியன்று. பின்புறம் பூசப்பட்ட வெள்ளி அல்லது அலுமினியப் படலம். அப்படலத்தின் பருமன் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழப் பதினாயிரத்தில் ஒரு பங்கே. ஜெர்மானிய அறிஞர் லீபிக் 1835-இல் வெள்ளி பூசும் முறையைக் கண்டறிந்த பின்னரே அவ்வகைக் கண்ணாடி எங்கும் பரவலாயிற்று. ஆறன்முளை ஆடியிலோ முன்முகமே ஒளியைத் திருப்புகின்றது. ஆதலின் விரலும் பிம்பமும் ஒன்றையொன்று தொட்டு நிற்கும்.

செம்பும் வெள்ளீயமும் கலந்ததே இவ்வுலோகம். சாதாரண வெண்கலத்தில் நூற்றுக்குப் பத்துப் பங்கு அளவில் வெள்ளீயம் இருக்கும். மணி வார்க்கும் வெண்கலத்தில் இருபதுக்கு மேற்படும். இந்த ஆடியிலோ ஏறத்தாழ 33 பங்கு. நியூட்டன் 1668-இல் அமைத்த தொலைநோக்கியின் ஆடியும், ராஸ் பிரபு அயர்லாந்தில் 1845-இல் நிறுவிய ஆறடி அகல ஆடியும் இவ்வினத்தைச் சார்ந்த உலோகங்களே.

நம் நகரின் பாப்பனங்கோட்டில் வட்டார ஆராய்ச்சிக்கூடம் ஒன்று இருந்தது. 2007 முதல் தேசிய பல்துறை அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் என்று அது வழங்குகின்றது. அங்குப் பணியாற்றிய எஸ். ஜி. கே. பிள்ளை, ஆர். எம். பிள்ளை, ஏ. டி. தாமோதரன் ஆகியோர் இவ்வுலோகத்தை ஆராய்ந்து 1992-இல் அமெரிக்க ஏடொன்றில் கட்டுரை வெளியிட்டனர். சாரதா சீனிவாசன் அம்மையாரும் அப்பத்தாண்டிலேயே இதனை விரிவாக ஆராய்ந்தார். செம்பும் வெள்ளீயமும் குறித்த விகிதத்தில் இணையுங்கால் 'டெல்டா' எனப்படும் சேர்மம் உண்டாகின்றது. அது வெண்மையானது, மிகக் கடினமானது, எளிதில் நொறுங்குவது. வெள்ளீயம் குறைந்தால் மென்மையான செந்நிறப் பகுதிகள் இடையே தோன்றி முகத்தின் சமநிலையைக் கெடுக்கும். ஆகவே பிழைக்கு இடம் மிகக் குறைவு.

மெருகேற்றுவதும் எளிதன்று. நம் கண்ணுக்குப் புலனாகும் ஒளியின் அலைநீளம் 400 முதல் 700 நானோமீட்டர். ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. பரப்பின் மேடுபள்ளங்கள் அந்த அலைநீளத்தினும் மிகச் சிறியனவாக அமைந்தாலன்றிப் பிம்பம் தெளியாது. இன்றைய ஆய்வாளர் நுண்கருவி கொண்டு அளக்கும் இந்நுட்பத்தைக் கம்மியர் களிமண் பொடியும், மரோட்டி என மலையாளத்தார் வழங்கும் நீரடிமுத்து எண்ணெயும், துணியும் கொண்டு பல நாட்கள் தேய்த்தே எய்தினர். அவர்களுக்கு அளவுகோல் கண், கருவி உள்ளங்கை.

ஈண்டு ஒரு வினா எழுகின்றது. குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாகக் காத்த இரகசியத்தை ஆராய்ச்சி அச்சேற்றியது அவர்களுக்குக் கேடு அன்றோ? நாம் அவ்வாறு கருதவில்லை. விகிதத்தைப் படித்தறிந்தவர் பலர். ஆடி வார்க்க வல்லவரோ சிலரே. மேலும் 2004-05-இல் கிடைத்த புவிசார் குறியீடு அப்பெயருக்குச் சட்டக் காப்பும் தந்துள்ளது.

மெய்யான கேடு வேறிடத்தில் உளது. 2018 ஆகஸ்டுப் பெருவெள்ளத்தில் பட்டறைகள் மூழ்கி, அச்சுகளும் செய்து வைத்த ஆடிகளும் அழிந்தன. அச்சுக்கு வேண்டிய களிமண்ணைத் தருவது அவ்வூர் வயல். வயல் போனாலும் தொழில் போகும். இளையோர் கற்க முன்வராவிடினும் போகும். ஏட்டில் எஞ்சிய விகிதம் அதனை மீட்டுத் தராது.

இதனை 'நம்முடையது' என உரிமை பாராட்டுவது நம் கருத்தன்று. வந்தவர் கொணர்ந்த கலைக்கு இந்நாடு மண்ணும் மதிப்பும் தந்தது. இன்று அது கேரளத்தின் மங்கலப் பொருள். வேற்றூரில் வாழும் நம் பிள்ளைகளுக்கு இதனினும் சிறந்த பாடம் வேண்டுமோ? அவர்கள் ஆய்வுக்கூடத்திற்கும் செல்லட்டும்; ஒருமுறை ஆறன்முளைப் பட்டறைத் திண்ணையிலும் அமரட்டும். கொணர்ந்த கலையைக் கைவிடாது காத்து, வாழும் மண்ணுக்கு அதனை வழங்குவதே குடிபெயர்ந்தோர்க்கு அழகு.