பெயர் இடம்மாறிய ஒரு கணிதக் கருத்து

சார்பொன்றின் மாறிகளுட் சிலவற்றுக்கு முன்கூட்டியே பெறுமானம் அளித்து, எஞ்சியவற்றுக்கு மாத்திரம் உரிய புதிய சார்பொன்றைப் பெறுதல் இன்றைய கணனிச் செய்நிரலாக்கத்தில் அன்றாட வழக்கமாகும். இரண்டு எண்களைக் கூட்டும் சார்பில் முதலாவது எண்ணை 5 என நிலைப்படுத்தினால், தரப்படும் எந்த எண்ணுடனும் ஐந்தைக் கூட்டும் வேறொரு சார்பு கிடைக்கின்றது. எளிமையானதாகத் தோன்றும் இக்கருத்தின் வரலாறு அத்துணை எளிமையானதன்று.

ஜேர்மனியின் கொட்டிங்கன் நகரக் கணிதக் கழகத்தில் 1920 டிசம்பர் 7 ஆந் திகதி மோசஸ் ஷொன்பின்கெல் என்னும் அறிஞர் உரையொன்றை நிகழ்த்தினார். ருஷ்யப் பேரரசின் எக்காத்தரினோஸ்லாவிற் பிறந்து, ஒடெசாவிற் பயின்று, ஹில்பேட்டின் ஆய்வு வட்டத்தை அடைந்தவர் அவர். பல மாறிகளைக் கொண்ட சார்பு எதனையும், ஒரு மாறியை மட்டும் ஏற்று மற்றொரு சார்பையே விடையாகத் தரும் சார்பாக மாற்றலாம் என அவர் காட்டினார். அவ்வாறு மாற்றியபின் ஒரு மாறியை நிலைப்படுத்துவதற்கெனத் தனி விதி வேண்டியதில்லை. அம்மாறிக்குரிய பெறுமானத்தைக் கொடுப்பதே போதுமானது. ஆயினும் கணிப்பை இலகுவாக்குதல் அவரது நோக்கமன்று. தருக்கவியலிலிருந்து மாறிகளையே அகற்ற அவர் விரும்பினார். உண்மையில் இம்மாற்றத்தை பிறேகே என்பார் 1893 இலேயே கையாண்டிருந்தார். எனினும் அதனை அடித்தளமாகக் கொண்டு ஒரு முறைமையைக் கட்டியெழுப்பியவர் ஷொன்பின்கெலே எனல் பொருந்தும்.

அவ்வுரையைக் கட்டுரையாக்கி 1924 இல் வெளிவரச் செய்தவர் பேமான் என்னும் சகஅறிஞர். அதே ஆண்டில் ஷொன்பின்கெல் மொஸ்கோ சென்றார். 1927 இல் அமெரிக்கரான ஹஸ்கெல் கறி அக்கட்டுரையைக் கண்டு வியந்தார். ஏறத்தாழ அதே துறையில் தாமும் தனித்து முயன்றுகொண்டிருந்தவர் அவர். ஆசிரியரைப்பற்றி வினவியபோது, அவர் மனநோய்க்குள்ளாகிச் சிகிச்சை பெறுவதாகவே செய்தி கிடைத்தது.

கறி தம் முன்னோடியை மறைத்தவரல்லர். 1967 இல் கோபன்ஹேகனில் விரிவுரையாற்றிய ஸ்ட்றேச்சியும் இவ்வுத்தியை ஷொன்பின்கெலுக்கே உரித்தாக்கினார். ஆயினும் நிலைத்தது கறியின் பெயரே. 1990 இல் தோன்றிய செய்நிரல்மொழி ஒன்றுக்கு அவரது முதற்பெயரும் சூட்டப்பட்டது. ஷொன்பின்கெல்லின் பெயரில் அச்சேறிய தருக்கவியற் கட்டுரைகள் இரண்டே; இரண்டாவது, 1928 இல் பேர்னேஸுடன் இணைந்து வெளிவந்தது. அவர் 1942 அளவில் மொஸ்கோவில் வறுமையில் இறந்தார். எஞ்சிய கையெழுத்துப் பிரதிகளை அயலவர் குளிர்காய எரித்துவிட்டனர் என்பர்.